அடுத்து எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் பார்க்கலாம்? 26 வாரம் ராத்திரி கண்விழித்தவள் சொல்கிறேன்

2022 அக்டோபர் முதல் வாரத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பு 26 வாரம். கரூரில் அம்மா வீட்டில் இருந்தேன், கணவருக்கு பெங்களூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து போவார். பகலில் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். ராத்திரியில் நானும் அவளும்தான். பத்தரைக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை பால். கொடுத்து முடித்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, மறுபடி தூளியில் விட்டுத் தூங்கவைக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடக் கூடாது என்று மருத்துவமனையில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார், அந்தப் பயம் மனசில் ஒட்டிக்கொண்டது. விழித்திருக்க ஏதாவது வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே விண்வெளிக் கதை, ரோபோ கதை, காலப்பயணக் கதை என்றால் உயிர். வேலை, கல்யாணம் என்று ஓடியதில் பல வருஷமாக எதையுமே பார்க்கவில்லை. சரி, இந்த ஆறு மாதத்தில் விட்டதையெல்லாம் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். சத்தம் சுத்தமாக அணைத்து, வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பார்ப்பது என்று ஏற்பாடு.

அதில் நான் தொலைத்தது கிட்டத்தட்ட 55 மணி நேரமும் 4,897 ரூபாயும். வேறொருவருக்கு இது சின்னக் கணக்காக இருக்கலாம். தூக்கமே இல்லாத அந்த மாதங்களில், எனக்கென்று மிச்சமிருந்த ஒரே நேரம் அது. எனக்கு முன்னால் இந்த வழியில் போன யாராவது ஒருவர் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கதையின் முடிச்சு எதையும் உடைக்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் செய்த தவறு, ‘பார்த்தே ஆக வேண்டிய பத்து’ மாதிரியான பட்டியல்களை நம்பியது. பத்துப் பட்டியல் பார்த்தால் பத்திலும் முதல் ஐந்து இடத்துக்குள் வெஸ்ட்வேர்ல்ட் இருந்தது. அந்தப் பட்டியல்களில் 214 எபிசோட் ஓடிய ஸ்டார்கேட் எஸ்ஜி-1-ம் எட்டே எபிசோடில் முடிந்த டெவ்ஸும் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று பத்து சீசன், இன்னொன்று ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், ஆனால் எவ்வளவு நேரம் பிடிக்கும், கதை முடிந்ததா, பாதியில் நின்றதா என்று ஒரு வரி இருக்காது. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரு தளத்தில் வருஷ சந்தா 1,499 ரூபாய் கட்டி வெஸ்ட்வேர்ல்டை ஆரம்பித்தேன். மனிதர்கள் பணம் கட்டி உள்ளே போய் ரோபோக்களோடு கௌபாய் வாழ்க்கை வாழும் ஒரு கேளிக்கைப் பூங்கா, அந்த ரோபோக்களுக்கு மெல்ல நினைவு திரும்புகிறது. முதல் சீசன் அபாரம். ஆனால் அது கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டிய தொடர், ஒரு காட்சியில் அசந்தாலும் நூல் விட்டுப்போகும். அதை நான் ஒன்றரை மணிக்குப் பாதித் தூக்கத்தில், சத்தமில்லாமல், இடது கையில் குழந்தையோடு பார்த்தேன். பத்து நிமிடம் பார்ப்பதும் ஐந்து நிமிடம் பின்னால் போவதுமாகவே ராத்திரிகள் போயின.

மூன்றாவது சீசனில் இருந்தபோது, நவம்பர் முதல் வாரத்தில், தொடரை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. நாலு சீசன், 36 எபிசோட், அவ்வளவுதான். ஐந்தாவது சீசனோடு கதையை முடிக்கத் திட்டமிட்டிருந்ததாக உருவாக்கியவர்கள் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மிச்சத்தையும் பார்த்தேன். அதற்குப் பதில் அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாம். இப்போது யாராவது கேட்டால், வெஸ்ட்வேர்ல்டின் முதல் பத்து எபிசோடை மட்டும் பாருங்கள், பகலில் பாருங்கள், அதோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்வேன். அந்தப் பத்தும் தன்னளவில் ஒரு முழுக் கதை. தொடர் நல்லதாக இருந்தால் எல்லா சீசனையும் பார்த்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, இது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

அடுத்தது 1899. அந்த நவம்பர் 17-ம் தேதிதான் வெளியானது. டார்க் என்ற ஜெர்மன் தொடரைக் கொடுத்தவர்களின் அடுத்த படைப்பு என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. நான் அதுவரை டார்க் பார்க்கவில்லை, ‘புதுசு இருக்க பழசு எதுக்கு’ என்று நினைத்தேன். மாதம் 499 ரூபாய்க்கு இன்னொரு தளத்தில் சேர்ந்தேன். 1899-ம் வருஷம் நியூயார்க் நோக்கிப் போகும் கப்பல், பல நாட்டுப் பயணிகள், ஒவ்வொருவரும் அவரவர் மொழியில்தான் பேசுவார்கள், பாதிப் பேருக்கு மற்றவர் பேசுவது புரியாது. அந்தப் புரியாமைதான் கதையின் முதுகெலும்பு. சத்தத்தை அணைத்துவிட்டு சப்டைட்டில் மட்டும் படித்த எனக்கு, யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதே மூன்றாவது எபிசோட் வரை தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளும் வழக்கம் வந்தது. இன்னொரு காது குழந்தைக்கு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது நான் அடித்துச் சொல்லும் யோசனை.

எட்டாவது எபிசோட் முடிந்தது ஒரு டிசம்பர் விடியற்காலை நாலேகால் மணிக்கு. கதை முழுசாகப் புரண்டு, வேறொரு வாசலைத் திறந்துவிட்டு, அங்கேயே நின்றது. தூளியில் குழந்தை தூங்கிவிட்டாள், நான் தூங்கவில்லை. கயிறு லேசாக முனகிக்கொண்டிருந்தது, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்தபடி இருந்தேன். அடுத்த எபிசோடுக்கான பொத்தான் வரும் இடத்தில் வேறு தொடர்களின் படங்கள் வரிசையாக வந்தன. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் வரும், அதற்குள் இவள் நடக்க ஆரம்பித்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஜனவரி 2-ம் தேதி, மொட்டைமாடியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுவிட்டு போனைப் பார்த்தால், இரண்டாவது சீசன் கிடையாது என்று இயக்குநரே எழுதியிருந்தார். இரண்டாவது, மூன்றாவது சீசனோடு கதையை முடிக்க விரும்பியதாகவும் சொல்லியிருந்தார். வெளியாகி ஏழு வாரம்கூட ஆகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆன உடம்பு, தூக்கம் இல்லை, பேச ஆள் இல்லை, எல்லாம் சேர்ந்து வந்த அழுகைதான் அது. ஆனால் அந்த ராத்திரிகளில் கூட இருந்த ஒன்றைப் பாதியில் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்ததும் நிஜம்.

அன்றிலிருந்து ஒரு தொடரைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. நன்றாக இருக்குமா என்பதெல்லாம் அப்புறம். கதையை முடித்தது யார், எழுதியவரா, காசு போட்டவரா? இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும். சயின்ஸ் ஃபிக்‌ஷனில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் செட், கிராஃபிக்ஸ் என்று செலவு அதிகம், பார்க்கும் கூட்டம் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வெட்டு விழுவது இங்கேதான். அதோடு இந்த வகைக் கதைகள் ஒரு பெரிய புதிரை முதல் எபிசோடிலேயே போட்டுவிட்டு பல வருஷம் கழித்து அவிழ்க்கிறோம் என்று வாக்குக் கொடுக்கும். குடும்பக் கதை நாலாவது வருஷம் நின்றுபோனால் ஒரு குறைதான். புதிர்க் கதை நின்றுபோனால் பார்த்த அத்தனை மணி நேரமும் கேள்விக்குறி ஆகிவிடும். 2009-ல் வந்த ஃபிளாஷ்ஃபார்வர்ட் 22 எபிசோடோடு அந்தரத்தில் நின்றது. தி ஓஏ ஐந்து சீசனுக்குத் திட்டமிடப்பட்டு இரண்டாவது சீசனின் உச்சத்தில் நிறுத்தப்பட்டது. இவை இரண்டும் என் அடுத்த பட்டியலில் இருந்தவை, நல்லவேளை தேடிப் பார்த்தேன். தேடுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். தொடரின் பெயரோடு முடிவு என்று போட்டுத் தேடினால் முழுக்கதையும் முகத்தில் அடிக்கும். எத்தனை சீசன், எந்த வருஷம் முடிந்தது, நிறுத்தினார்களா முடித்தார்களா, இதை மட்டும் பாருங்கள். இன்னும் நல்லது, ஏற்கெனவே பார்த்த ஒருவரிடம் இந்த மூன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது.

பாதியில் நின்ற எதையுமே தொடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2002-ல் வந்த ஃபயர்ஃபிளை மொத்தமே 14 எபிசோட்தான். அதையும் சேனலில் வரிசை மாற்றிப் போட்டு, முதலில் வர வேண்டிய எபிசோடைக் கடைசியில் ஒளிபரப்பினார்கள், மூன்றை ஒளிபரப்பவே இல்லை. ஆனால் 2005-ல் செரெனிட்டி என்ற படத்தின் வழியாக அதற்கு ஒரு முடிவு கிடைத்தது. பாதியில் நின்றது என்று தெரிந்தே உட்கார்ந்தால் மனசு அதற்குத் தயாராக இருக்கும்.

பணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1899 முடித்த கையோடு அந்த மாதச் சந்தாவை நிறுத்தியிருக்க வேண்டும். ஆட்டோபே போட்டிருந்தது மறந்தேபோனது. டிசம்பர் 20, ஜனவரி 20 என்று இரண்டு தடவை 499 போனது, அந்த நாட்களில் அதை நான் திறக்கவே இல்லை. இப்படித் தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கும் வந்திருக்கிறது, தடுப்பூசி நினைவூட்டலுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது. இப்போதெல்லாம் சந்தா கட்டிய அடுத்த நிமிடமே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுகிறேன். கட்டிய மாதம் முடியும்வரை தாராளமாகப் பார்க்கலாம், வேண்டுமென்றால் அடுத்த மாதம் மறுபடி கட்டலாம். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செயலிக்குள்ளேயே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், எது எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அங்கே போய் ஒரு தடவை பாருங்கள். வருஷ சந்தா ஒரே ஒரு தொடருக்காகக் கட்டவே கட்டாதீர்கள். என் 1,499 ரூபாயில் நான் பயன்படுத்தியது இரண்டு மாதத்துக்கும் குறைவு.

ஜனவரியில் அண்ணன் தன்னிடமிருந்த டிவிடிகளைக் கொண்டுவந்து கொடுத்தான், ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன். 1987-ல் ஆரம்பித்து 1994-ல் ஒழுங்காக முடிந்த தொடர், 178 எபிசோட். முடிந்ததா என்ற என் கேள்வியில் தேறிவிட்டது. முதல் டிஸ்க்கைப் போட்டேன், வரிசையாகப் பார்த்தேன், பதினைந்து எபிசோடில் கை கழுவிவிட்டேன். நாடகத்தனமான பேச்சு, அட்டையில் செய்த மாதிரி கிரகங்கள். இங்கே நான் தெரிந்துகொள்ளாமல் போனது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது. இந்தத் தொடருக்கு முதல் இரண்டு சீசன் தள்ளாட்டம்தான், மூன்றாவதில்தான் நிமிரும். 1988-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு நடந்து, இரண்டாவது சீசன் குறைந்து, கடைசி எபிசோடைப் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியே முடித்தார்கள். பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு கதை என்பதால், நடுவிலிருந்து ஆரம்பித்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. இரண்டாவது சீசனில் டேட்டா என்ற இயந்திர மனிதன் ஓர் ஆளா, அவன் வேலை பார்க்கும் விண்வெளிப் படையின் உடைமையா என்று விசாரணை நடக்கும் எபிசோட் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். அது பிடித்தால் மூன்றாவது சீசனுக்குப் போங்கள். உண்மையில் என் மாதிரி நிலைமைக்கு இதுதான் சரியான தொடர், முக்கால் மணி நேரத்தில் ஒரு கதை ஆரம்பித்து முடிந்துவிடும், அடுத்து என்ன என்று நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் போய்ப் படுக்கலாம். தப்பான வாசல் வழியாக நுழைந்து, வீடே சரியில்லை என்று திரும்பிவிட்டேன்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் அதே தப்பு வேறு மாதிரி நடந்தது. அண்ணனின் கணக்கில் இருந்த தளத்தில் முதல் சீசன், முதல் எபிசோட் என்று போட்டிருந்ததை அப்படியே தொட்டேன். அந்த எபிசோடின் பெயர் 33. மனித இனம் கிட்டத்தட்ட அழிந்து, ஐம்பதாயிரம் பேர் அளவுக்குச் சுருங்கி, கப்பல்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரி சரியாக 33 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து தாக்குகிறான். ஐந்து நாளுக்கு மேல் ஒருவரும் தூங்கவில்லை. தாடி வளர்ந்து, கண் சிவந்து, கை நடுங்கி, பேசும் வார்த்தை பாதியில் மறந்துபோய் நிற்கும் மனிதர்கள். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு, மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி நாலு மாதம் ஆன நான், மடியில் குழந்தையோடு அதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த யாருமே அந்தச் சோர்வை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அது குறைந்துகொண்டே வரும். எபிசோடின் கடைசியில் ஒரு கப்பலில் குழந்தை ஒன்று பிறந்ததாகத் தகவல் வருகிறது, குடியரசுத் தலைவர் எழுந்து போய் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார். கூடுவது ஒன்றே ஒன்று. என் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஆரம்பித்த தொடரையும் நாலு எபிசோடில் விட்டுவிட்டேன் என்றால் நம்புவீர்களா? யார் யாருக்கு என்ன உறவு, இந்த விஞ்ஞானி ஏன் தனக்குத்தானே பேசுகிறான், ஒன்றும் புரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் என் புத்திதான் மழுங்கிவிட்டதோ என்று பயந்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு சீனியர் விடுப்புக் காகிதம் விஷயமாக போன் செய்தபோது பேச்சு எப்படியோ இதில் வந்து நின்றது. “ஏம்மா, மினி சீரிஸ் பாத்தியா?” என்றார். “அப்படி ஒண்ணு இருக்கா சார்?” என்றேன். 2003 டிசம்பரில் மூன்று மணி நேர மினி சீரிஸாகத்தான் கதையே ஆரம்பிக்கிறது, அதைப் பார்க்காமல் 33-க்குப் போவது கல்யாணத்துக்குப் போகாமல் மறுவீட்டு விருந்தில் போய் உட்காருவது மாதிரி என்றார். நான் பார்த்த தளத்தில் அது இல்லவே இல்லை. அவசரப்பட்டு, அமெரிக்காவில் வெளியான டிவிடி பெட்டியை ஒரு விற்பனையாளரிடம் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன், அதில் மினி சீரிஸும் உண்டு. வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ரீஜன் தப்பு என்று சொல்லித் துப்பிவிட்டது. டிவிடிகளை உலகப் பகுதிவாரியாகப் பிரித்துப் பூட்டியிருப்பார்கள், அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று விற்றவர் கைவிரித்தார். கடைசியில் கணவர் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அதன் டிரைவை ரீஜன் 1-க்கு மாற்றிக் கொடுத்தார். அதிலும் கவனம், அந்த டிரைவ்களில் ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். டிவிடி வாங்குவதாக இருந்தால் பெட்டியின் பின்னால் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மினி சீரிஸ் பார்த்த பிறகு எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது. 33-ஐ மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை ஒரு காதில் சத்தத்தோடு, பின்னணி இசையின் அந்த மேள ஒலியோடு. வரிசை தெரியாதவர்களுக்காக: மினி சீரிஸ், அப்புறம் ஒன்று முதல் மூன்று சீசன், பிறகு ரேசர் என்ற தனிப்படம், நாலாவது சீசன், எல்லாம் முடிந்த பிறகு வேண்டுமென்றால் தி பிளான் என்ற இன்னொரு படம். 2009-ல் வந்த கடைசி எபிசோட் பிடித்தவர்களும் உண்டு, திட்டுபவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது. எழுதியவர்களே முடித்த முடிவு, அதோடு சண்டை போடலாம், ஆனால் அது இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில்தான் டார்க்குக்கு வந்தேன். மூன்று சீசன், 26 எபிசோட், மூன்றாவதோடு முடிப்பது என்று சொல்லி அப்படியே 2020-ல் முடித்த தொடர். நான் காசு கட்டிக்கொண்டிருந்த அதே தளத்தில், இரண்டு மாதமாகச் சும்மா கழிந்த அதே சந்தாவுக்குள், இது இருந்திருக்கிறது. இப்போது கேட்டால், 2022 அக்டோபரில் நான் முதலில் தொட்டிருக்க வேண்டியது இதுதான். காட்டை ஒட்டிய ஓர் ஊர், நாலு குடும்பம், காணாமல் போகும் ஒரு பையன், 33 வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் சம்பவங்கள். இங்கேயும் 33, அது வெறும் தற்செயல்தான், ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆங்கில டப்பிங்கில் ஓட ஆரம்பித்தால் உடனே ஜெர்மனுக்கு மாற்றிவிடுங்கள், நடிகர்களின் சொந்தக் குரலில்தான் அந்த ஊரின் கனம் தெரியும். எப்படியும் சப்டைட்டில் படித்துப் பழகிய எனக்கு அது சுமையாகவே இல்லை. ஆட்களை நினைவு வைத்துக்கொள்வதுதான் கஷ்டம், ஒரே ஆள் இரண்டு மூன்று வயதில் வருவார். குழந்தையின் தடுப்பூசி நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன, அதில் குடும்ப மரம் வரைய ஆரம்பித்தேன். ஒரு நாள் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “யாரு ஊட்டு வம்சம் கண்ணு இது, நம்ம சொந்தத்துல இப்படி ஒருத்தரும் இல்லையே” என்று கேட்டார். கதையை அவருக்குச் சொன்னேன். அதன் பிறகு தினமும் காலையில் காபி கொடுக்கும்போது, “நேத்து என்னாச்சு, அந்தப் பையன் கிடைச்சானா?” என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. ராத்திரி பார்த்ததைக் காலையில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கவனமாகப் பார்த்தேன், அதனாலேயே நன்றாகப் புரிந்தது. சிக்கலான தொடர் பார்ப்பவர்கள் வீட்டில் ஒருவரிடம் கதை சொல்லிப் பாருங்கள்.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினேன். அப்போது மாதம் 99 ரூபாய்க்கு ஒரு தளத்தில் சிவியரன்ஸ் பார்த்தேன், ஒன்பது எபிசோட். அலுவலகத்துக்குள் நுழைந்தால் வீடு மறந்துவிடும், வெளியே வந்தால் அலுவலகம் மறந்துவிடும், அப்படி மூளையை இரண்டாகப் பிரித்துக்கொண்ட ஊழியர்களின் கதை. ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் அதைப் பார்க்கும்போது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆபரேஷன் எனக்குச் செய்வார்களா என்றும், ஐயோ வேண்டவே வேண்டாம் என்றும் ஒரே நாளில் நினைத்திருக்கிறேன். ஒன்பதாவது எபிசோட் நின்ற இடம் கொடுமையான இடம். ஆனால் இந்தத் தடவை தெரிந்தே உட்கார்ந்தேன், தொடர் இன்னும் முடியவில்லை, இரண்டாவது சீசன் உறுதியாகிவிட்டது, எப்போது வரும் என்று தெரியாது. 2023-ல் ஹாலிவுட் வேலைநிறுத்தங்கள் வந்தன, படப்பிடிப்பு நின்றது, இரண்டாவது சீசன் வந்து சேர்ந்தது 2025 ஜனவரியில். மகளுக்கு இரண்டேகால் வயது. முதல் சீசனை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் இறங்குபவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்தே நேரக் கணக்குப் போட வேண்டும். இப்போதெல்லாம் பெரிய தொடர்களுக்கு சீசனுக்கு சீசன் இரண்டு வருஷம் மூன்று வருஷம் சர்வசாதாரணம்.

அந்த வருஷம் முழுக்க என்னைத் தாங்கியது தி எக்ஸ்பான்ஸ். ஆறு சீசன், 62 எபிசோட், 2022 ஜனவரியில் முடிந்தது. மூன்றாவது சீசனோடு முதல் சேனல் கைவிட்டு, ரசிகர்கள் விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டுக் கேட்டு, வேறொரு நிறுவனம் எடுத்து நடத்திய தொடர். மூல நாவல்கள் ஒன்பது, தொடர் ஆறாவதோடு நிற்கிறது, ஆனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் கதையே பல பத்து வருஷம் தாவிவிடுவதால், நிற்கும் இடம் ஓர் ஊர் வந்து வண்டி நிற்பது மாதிரி இயல்பாக இருக்கும். முதல் மூன்று எபிசோடில் ஆளும் இடமும் குழம்பும், விட்டுவிடாதீர்கள், நாலாவதில் பிடித்துக்கொள்ளும். முதல் எபிசோடில் செரெஸ் என்ற குறுங்கோளில் ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவை வரும். அங்கே ஈர்ப்பு குறைவு. அதனால் அது சிறகை எப்போதோ ஒரு தடவை அடித்துவிட்டு, காற்றில் அப்படியே தொங்கும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இப்படி யோசித்துச் செய்தவர்கள் நம்மைக் கைவிட மாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு நம்பிக்கை வந்தது.

மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது, ஒன்பது மணிக்குத் தூங்கினால் காலைதான். இரண்டு காதிலும் சத்தத்தோடு பார்க்கிறேன். இந்தத் தடவை எடுத்திருப்பது பாபிலோன் 5. ஐந்து வருஷக் கதை என்று முதலிலேயே திட்டம் போட்டு, 110 எபிசோடில் 92-ஐ ஒரே மனிதர் எழுதிய தொடர். ஐந்தாவது வருஷம் கிடைக்காதோ என்ற பயத்தில் நாலாவது சீசனில் கதையை அவசரமாக நெருக்கிவிட்டார் என்றும், கடைசி எபிசோடை அப்போதே எடுத்து வைத்திருந்து, ஐந்தாவது சீசன் கிடைத்ததும் அதன் முடிவில் போட்டார் என்றும் படித்தேன். தொடருக்கு முன்னால் 1993-ல் தனியாக வந்த முழுநீளப் படத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் சீசன் சுமார்தான், இரண்டாவதில்தான் வேகம் எடுக்கும், அவசரப்படாதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நேற்று ஏழாவது எபிசோட் முடித்தேன், வாரத்துக்கு மூன்று என்று கணக்கு. காலையில் அம்மாவுக்கு போன் போட்டுக் கதை சொல்ல வேண்டும், அவர் ஆறாவதிலேயே நிற்கிறார்.